மூடிய வாய்க்கு ஒரு வசனம்

படம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் மூன்று பேர் எழுந்து நின்று கவூயாவைத் திட்டிவிட்டார்கள்.

கவூயா ஒரு விஜே. நடேட்டே சந்தைக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, ஆங்கிலத்தில் ஓடும் படத்துக்கு உள்ளூர் மொழியான லுகாண்டாவில் பேசுவது அவன் வேலை. வலது கையில் மைக். இடது கை விரல்கள் படத்தின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழில். திரையில் ஒருவன் வாயைத் திறந்ததும் ஒலியைத் தணித்து, தான் பேச வேண்டும். வாய் மூடுவதற்குள் முடித்துவிட்டு, ஒலியை மறுபடி ஏற்ற வேண்டும். யாராவது முதுகைக் காட்டி நின்றால் கொண்டாட்டம்தான். அங்கே எதையும் பேசலாம், சந்தையில் நேற்று நடந்த சண்டையைக்கூடச் சொருகலாம். ஆனால் மூடிய வாயைக் கிட்டத்தில் காட்டினால் பாத்திரத்தின் குரல் வரக்கூடாது. சொல்வதிருந்தால் விஜே தன் சொந்தக் குரலில் சொல்லிக்கொள்ளலாம். எந்தக் குரல் யாருடையது என்பது கொட்டகைக்குத் தெரியும். பதினோரு வருடத்தில் அவன் இந்த ஒன்றை மட்டும் மீறியதில்லை.

அன்று ஓடியது எல்லோரும் பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்த கதை. பஞ்ச காலத்தில் பெற்றவனே காட்டில் விட்டுவிட்டு வந்த அண்ணன் தங்கை, தின்பண்டத்தால் கட்டிய வீடு, பிள்ளைகளைத் தின்னும் சூனியக்காரி. படத்தில் அதை இருட்டும் ரத்தமுமாக எடுத்திருந்தார்கள். கவூயா சும்மா இருக்காமல் அந்த இரண்டு பேரையும் இரட்டைப் பிள்ளைகளாக்கி, வாஸ்வா, நகாட்டோ என்று பேரும் வைத்துவிட்டான். சப்பாத்திச் சுவரும் பொரித்த மீன் ஜன்னலுமாக அவன் அந்த வீட்டைச் சொன்னபோது கூட்டம் தரையில் காலை உதைத்துச் சிரித்தது. ஆனால் பிள்ளைகள் இரட்டையர் என்றால் தகப்பன் சலோங்கோ ஆகிவிடுவான். இரட்டையரைப் பெற்றவனுக்கு ஊரே கொடுக்கும் பட்டம் அது. கல்யாணத்தில், இழவில், எங்கே போனாலும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சலோங்கோதான் திரையில் தன் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

"ஏய் கவூயா!" கொட்டகையில் நிஜமான சலோங்கோவான சென்ஃபுகா எழுந்து நின்றார். சந்தையில் செருப்புக் கடை வைத்திருப்பவர். "எந்தச் சலோங்கோ பிள்ளைய நரிக்குப் போட்டான்? எங்க பேரை எடுத்து அந்த நாய்க்கு மாட்டுறியா?"

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு சலோங்கோக்கள் எழுந்தார்கள். கவூயாவின் பார்வை முதல் வரிசைக்குப் போனது. அங்கே ஹாஜி லுப்வாமா உட்கார்ந்திருந்தார். குரல் பதிந்து நாடு முழுக்க உள்ள கொட்டகைகளுக்கு டிஸ்க் அனுப்புகிறவர். இந்தப் படத்தின் பதிவை யாருக்குத் தருவது என்று பார்க்கத்தான் வந்திருந்தார். ஆறு வருடமாகக் கவூயா காத்திருந்தது இதற்காகத்தான். நாட்டின் மறுகோடியிலிருக்கும் அருவா என்ற ஊர் வரைக்கும் தன் குரல் போக வேண்டும்.

அவன் அவசரமாக ஒட்டுப்போட ஆரம்பித்தான். தகப்பன் முதுகைக் காட்டியபோது, "ஐயோ, என் புள்ளைங்களா, உங்க சித்தி எனக்கு மருந்து வச்சுட்டா!" என்று அழுதான். தகப்பன் கோடரியைத் தீட்டியபோது, "அவங்கள மீட்டு வரத்தான் இத தீட்டுறேன்" என்றான். சென்ஃபுகா உட்கார்ந்தார். ஹாஜி தலையாட்டினார்.

ஒரு பொய்யைத் தாங்க இன்னொரு பொய் என்று அவன் கடைசிக் காட்சிக்கு வந்து சேர்ந்தான். நகாட்டோ சூனியக்காரியை அடுப்பில் தள்ளிவிட்டு, அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். வாசலில் தகப்பன் மண்டிபோடுகிறான். அவள் முகம் திரை முழுக்க நிற்கிறது. கவூயா மூன்று முறை பார்த்துப் பழகிய இடம்தான். இங்கே சும்மா இருக்க வேண்டும் என்று தெரியும். ஒலியைத் தணித்தான். பெண் குரலில், "அப்பா, உங்கள மன்னிச்சுட்டேன்" என்றான்.

"பொய்!"

பக்கவாட்டிலிருந்து வந்தது குரல். முட்டை சப்பாத்தி போடும் நந்துமே பெஞ்சு மேலேயே ஏறி நின்றிருந்தாள்.

"அவ வாயே திறக்கல! உதட்டப் பாருங்க! யாரோட வாய்ல யாரு பேசுறது?"

"உக்காரு நந்துமே, மறைக்குது!"

"என்னத்த மறைக்கிறேன்? மறைக்கிறது அவன்! மன்னிச்சவ எதுக்குக் கதவச் சாத்துனா? அவன் வெளியில நிக்கிறானே, பாத்தீங்களா இல்லையா?"

அதற்குள் படம் முடிந்து எழுத்துகள் ஓடத் தொடங்கின. யாரும் எழுந்து போகவில்லை. "திரும்பப் போடு" என்று ஒருவன் கத்த, கொட்டகை முழுக்க அதையே கத்தியது. சென்ஃபுகாவும் கத்தினார்: "போடுய்யா! அந்தப் பொண்ணு சொன்னாளா இல்லையான்னு நானே பாக்குறேன்!"

ஹாஜி மேசைக்கு வந்து குனிந்தார். "போடு. அதே வசனத்த இன்னும் சத்தமாச் சொல்லு. தகப்பன் தெருவுல நிக்கிற படத்த எவன் குடும்பத்தோட வந்து பாப்பான்? நாளைக்குப் பதிவும் இப்படித்தான். இல்லன்னா வண்டேகேயா கொட்டகையில எனக்கு வேற விஜே இருக்கான்."

கவூயாவுக்குக் காது சுட்டது. ஹாஜி மேல் கோபம். நந்துமே மேல் கோபம். பேர் வைத்த தன் நாக்கின் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். படத்தைச் சில நிமிடம் பின்னுக்கு ஓட்டினான்.

தகப்பன் மண்டிபோட்டான். அவள் முகம் வந்தது. கவூயா ஒலியைத் தணிக்கவில்லை. குமிழைக் கடைசி வரை ஏற்றினான். மைக்கில் தன் சொந்தக் குரலில் மூன்றே சொல்: "அவ ஒண்ணும் பேசல."

பிறகு மைக்கைக் கீழே வைத்தான்.

காற்றின் சத்தம் வந்தது. அவள் மூச்சு விடுவது வந்தது. அவள் அண்ணனை உள்ளே இழுத்தாள். கதவு மூடியது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கொட்டகை முழுக்க அறைந்தது. முதல்முறை அவன் குரல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்ததால் யாருமே அதைக் கேட்டிருக்கவில்லை.

பெஞ்சுகள் கொதித்தன.

"பெத்தவன் மண்டி போடுறான்யா!" சென்ஃபுகாவின் குரல் உடைந்தது. "என்ன கல்லு மனசு இவளுக்கு!"

"இப்பப் போடுறான். காட்டுல போட்டானா மண்டி?" என்றாள் நந்துமே.

"பசி, தாயி. நாலு பேருக்குச் சோறு இல்லாத வீடு."

"அவன் மட்டும் தின்னானே, அத நீங்க பாக்கலையா?"

மெக்கானிக் லுட்டாயா நடுவில் புகுந்தான். "எல்லாரும் அவளையே பேசுறீங்க. அந்தப் பையன ஒருத்தராவது பாத்தீங்களா? கதவு மூடுறப்ப அவன் அப்பன திரும்பிப் பாத்தான். அவன யாரு கேட்டா? அவ பாட்டுக்கு இழுத்துட்டுப் போறா. இவளும் அப்பன மாதிரிதான்."

"வாய மூடுடா!" என்று நாலு பேர் சேர்ந்து கத்தினார்கள். "அவன் சொல்றது சரிதான்" என்று நாலு பேர் அவர்களைப் பார்த்துக் கத்தினார்கள். பாடப்புத்தகத்தில் அப்பன் கட்டிப்பிடித்ததாகத்தானே இருந்தது, அந்தப் புத்தகத்தை எழுதினவன்தான் முதல் பொய்யன் என்றாள் ஒருத்தி. ஒரு பெஞ்சு சாய்ந்தது. ஒரு தட்டு வேர்க்கடலை தரையெல்லாம் சிதறியது.

ஹாஜி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சும்மா உக்காந்திருக்கிற விஜேக்கு நான் எதுக்குப்பா ஸ்டூடியோ பிடிக்கணும்? நீ குரல விக்கிறவன். இன்னிக்கு மௌனத்த வித்த."

"கேட்டீங்களா, அந்தத் தாழ்ப்பாள?" என்றான் கவூயா.

"அது அருவாவுல விக்காது."

"அப்ப வண்டேகேயாவுக்கே போங்க ஹாஜி. அந்தாளு அவ வாய்ல எதையாவது திணிப்பான். எனக்கு இதுக்கு மேல முடியாது."

ஹாஜி வெளியே போய் வாடகை மோட்டார் சைக்கிள்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஆறு வருடக் காத்திருப்பு அந்த வண்டியின் பின்னால் ஏறிப் போவதைக் கவூயா வாசலில் நின்று பார்த்தான்.

நந்துமே பக்கத்தில் வந்து நின்றாள். "நல்ல காரியம் பண்ணீங்க அண்ணே."

"நீ ஒண்ணும் சொல்லாத! உன்னாலதான் போச்சு. சும்மா உக்காந்து பாத்துட்டுப் போனா என்ன?"

"எது என்னால? பொய் சொன்னது நானா?" அவள் குரல் அவன் குரலை விட மேலே போனது. "போனா போகட்டும். ஆறு மணி ஷோவுக்கு மறுபடி வருவேன். மறுபடி அவளப் பேச வச்சீங்கன்னா, மறுபடி பெஞ்சு மேல ஏறுவேன்."

"வா," என்றான் கவூயா, பல்லைக் கடித்துக்கொண்டு. "வந்து அந்த மூலையில உக்காரு. அங்கேருந்துதான் அவ முகம் சரியாத் தெரியும்."