தேயிலைதானே என்று ரெண்டு

குடித்திருக்கிறார், குடிக்காமலா கண் இப்படி மஞ்சளாகும், ஆஸ்பத்திரி பெஞ்சில் குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என் வீட்டுக்காரர் தனசேகர், இவரை எனக்குத் தெரியாதா... ரெண்டு வருசமாகத் தொடவில்லையாம், பூம்பாறை வேலப்பர் மேல் சத்தியமாம். இவர் கேரட் லோடு ஏற்றும் இடத்தில் பழைய குடிக் கூட்டாளி பாண்டி இருக்கிறான், பாண்டி இருக்கிற இடத்தில் பாட்டில் இருக்கும். நேற்று வாயை ஊதச் சொன்னேன், வெற்றிலை வாசம் வந்தது, எதை மறைக்க வெற்றிலை? "தொடலை குமாரி, நம்புடி," என்கிறார் இப்போதும், முதுகைச் சொறிந்துகொண்டே. பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை, அரிப்பு, ஆள் பாதியாகிவிட்டார். எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது, அதனால்தான் திட்டித் தீர்க்கிறேன்.

நான் என்ன கொஞ்சமாகவா பார்த்துக்கொண்டேன்? நான் வேலை பார்க்கும் ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கும் ஜெயப்பிரியாதான் அந்தக் கேப்சூல் டப்பாவை விற்றாள், "ஆன்டிஆக்ஸிடன்ட்க்கா, பச்சைத் தேயிலைச் சாரம், ஃபுல்லா நேச்சுரல், குடிச்சுக் கெட்ட ஈரலைக்கூட கிளீன் பண்ணிரும்." விற்கிறவள் அப்படித்தான் சொல்லுவாள், அவளை நான் எங்கே நம்பினேன், தேயிலையைத்தான் நம்பினேன். எங்கம்மா சிலோன் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள், எங்களுக்குக் காய்ச்சலுக்கும் தேத்தண்ணிதான், கவலைக்கும் தேத்தண்ணிதான், தேயிலை யாரை என்ன செய்தது? மாத்திரை என்றால் இவர் துப்பிவிடுவார், அதனால் சொல்லாமலே கேப்சூலைப் பிரித்து, வெள்ளனே வெறும் வயிற்றில் குடிக்கிற தேத்தண்ணியில் கொட்டிக் கலக்கினேன். டப்பாவில் தினம் ஒன்று என்று போட்டிருந்தது. தேயிலைதானே என்று ரெண்டு போட்டேன், மூன்று மாசமாக. கசக்குது என்றார் ஒரு நாள், ஆமாம், பாட்டில் மட்டும் இனித்ததாக்கும் என்றேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ரத்த டெஸ்ட் சீட்டைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், "குடி உண்டா?" "விட்டு ரெண்டு வருசமாச்சுங்க." டாக்டரம்மாவும் நம்பவில்லை என்று அவர் முகமே சொன்னது, எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி, பாவி, திருப்திதான். "நாட்டு மருந்து, சத்து கேப்சூல் ஏதாச்சும்?" "ஒன்னும் இல்லைங்க," இவர்தான் சொன்னார், இவருக்குத் தெரிந்தால்தானே. "நல்லா யோசிங்க. பச்சைத் தேயிலைச் சாரம்னு விக்கிறாங்க, அது நாம குடிக்கிற டீ மாதிரி இல்ல. வெறும் வயித்துல அளவு மீறிப் போனா சிலருக்கு ஈரலையே கெடுத்துரும். உடனே நிறுத்தணும், இல்லாட்டி ஆபத்து." இன்று காலையில்கூடக் கலக்கினேனே... டம்ளரின் அடியில் நின்றதையும் சுழற்றிக் குடி என்று அதட்டினேனே...

"நீங்க சொல்லுங்கம்மா, இவரு குடிக்கிறாரா?" டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும், யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள், பழிக்குத்தான் பாண்டி இருக்கிறானே. ஆனால் நாளைக்கும் விடியும், நாளைக்கும் தேத்தண்ணி கேட்பார். குடிக்கக் கூடாது, குடிக்கக் கூடாது என்று இத்தனை வருசம் அழுதவள் நான், இப்போது, கடவுளே, ஒரு தடவையாவது இவர் எனக்குத் தெரியாமல் குடித்திருக்கட்டும் என்று ஏன் கெஞ்சுகிறேன்... வாயைத் திறந்தேன். தனசேகர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் உண்மையைத்தான் சொல்லுவேன் என்ற நம்பிக்கையோடு.