வெயில் அடித்த ஏரி

அவனை எல்லோரும் மசி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சட்டை போட்டாலும் கைப்பக்கம் ஒரு கறுப்புத் தீற்றல் இருக்கும். படக்கதை வரைகிறவர்களில், கறுப்பை அள்ளிப் பூசுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பதிப்பாளரே சொல்வார்.

எழுத்தாளர் அக்காவின் நாவலைப் படக்கதையாக்கும் வேலை அவனிடம் வந்தது. ஏரியில் மூழ்கிப்போன தன் மகனைப் பற்றி அவரே எழுதிய நாவல். எந்தப் பாணியில் வரைவது என்று முடிவு செய்ய, அந்த ஏரிக் காட்சியையே மூன்று விதமாக வரைந்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனான்.

சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பினான். ஒன்று போட்டோ போல அச்சு அசலாக. இன்னொன்றில் உருண்டை முகம், புள்ளிக் கண்கள். மூன்றாவது அவனுக்குக் கைவந்த கலை: கன்னங்கரேலென்ற தண்ணீர், அதற்குள் வெள்ளையாக ஒரு சின்னக் கை.

அக்கா மூன்றாவதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதுதான் தம்பி. நான் எழுதினது அப்படியே இருக்கு."

மசிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவர் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கழற்றிய மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நாவலில் ஒரு பக்கத்தைக்கூட அவர் புரட்டியதில்லை. துணியைப் போட்டுவிட்டு மேசையருகே வந்து நின்றார்.

"தண்ணி இப்படிக் கறுப்பா இல்லப்பா."

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு நல்ல வெயில். தண்ணி பளபளன்னு கண்ணு கூசிச்சு. அவன் தலை எங்கன்னே தெரியல. கறுப்பா இருந்திருந்தா பாத்திருப்பேன்ல?"

அன்று மகனோடு கரையில் இருந்தவர் அவர் ஒருவர்தான். அக்கா வேலைக்குப் போயிருந்தார். தான் பார்க்காத ஏரியைத்தான் நாவல் முழுக்க இருட்டாக எழுதியிருந்தார்.

"ஏங்க, இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"கூடவே இருந்தும் பாக்காம விட்டுட்டீங்களான்னு நீ கேட்டுடுவியோன்னு பயம்."

மசி கறுப்புத் தாளை எடுத்துப் பைக்குள் செருகினான். மனசு சுருக்கென்றது. இருந்தாலும் வெறுந்தாள் ஒன்றை விரித்துப் பென்சிலை எடுத்தான்.

"அண்ணே, நீங்க எங்க நின்னீங்க?"

அவர் விரல் வைத்துக் காட்டினார். ஒரே கோட்டில் கரையை இழுத்தான். மிச்சத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டான்.

புத்தகம் முழுக்க அந்த மெல்லிய கோடுதான் என்று முடிவாயிற்று. "காலிப் பக்கத்தைப் பாத்தா அச்சுப் பிழைன்னு திருப்பி அனுப்புவாங்களே!" என்று பதிப்பாளர் தலையில் கைவைத்தார். மசி மசியவில்லை.

முதல் பிரதியை அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். கணவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஏரிப் பக்கம் வந்ததும் கணவரின் கை நின்றுவிட்டது. அக்கா அந்த வெள்ளைத் தாளின் மேல் விரலை வைத்து, மெதுவாக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தேடினார்.

"எனக்கும் தெரியலங்க," என்றார்.

கணவர் குலுங்கி அழுதார். மசி சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கினான்.