முள் நின்ற இடம்

வாட்சின் வாரைக் கழற்ற வரவில்லை. சொர்ணவல்லியின் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. வாரில் அப்பியிருந்தது வேர்வையா, ரத்தமா, கண்மாய்க்கரைச் செம்மண்ணா என்று பார்க்கத் தெம்பில்லை. வாசலில் போட்ட பெஞ்சில் அவள் அப்பா ஆத்மநாதன் கிடந்தார். விடியக்காலம் அஞ்சரைக்கு, "வல்லி, காப்பிய மூடி வையி, ஒரு ஓட்டம் விட்டுப் பாத்துட்டு வந்துர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போன மனுசன். இப்போது மணி ஏழுகூட ஆகவில்லை. காப்பி இன்னும் மூடினபடியே இருந்தது.

"கை வெறைச்சுப் போச்சுன்னா அப்பறம் கழட்ட வராது, இப்பவே எடுத்துரு வல்லி" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். எடுக்க வேண்டியவள் அவளைப் பெற்ற ஆத்தா அமராவதிதான். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து புருசன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

ஒருவழியாக வார் விட்டது. வாட்ச் உள்ளங்கைக்கு வந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. சின்ன வட்டத்து முள் மூன்றில் நின்றது, நீள முள் நாலாவது கோட்டில். வல்லி பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் கட்டைவிரல் தன்பாட்டுக்குக் கீழ்ப் பொத்தானை அமுக்கிவிட்டது. ரெண்டு முள்ளும் துள்ளிப் போய்ப் பன்னிரண்டில் நின்றன.

அதுக்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடிப் பாவி, என்ன காரியம் செஞ்சுட்டே! வாட்சை மடியில் சொருகிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

அது மணி பார்க்கிற வாட்ச் மட்டுமில்லை, பந்தய வாட்ச். தாத்தா மலையாண்டி யுத்தத்துக்கு முன்னால் மலேயாவில் டிரைவராக இருந்தார். கார்ப் பந்தயக் கிறுக்குப் பிடித்த தோட்டத் துரை ஒருத்தர், இவர் கப்பலேறும்போது தன் கையிலிருந்து கழற்றி இவர் கையில் கட்டிவிட்டாராம். மேல் பொத்தானை அமுக்கினால் முள் ஓடும். மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அமுக்கினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். இந்த ஊரில் காருக்கு எங்கே போவது? தாத்தா மாட்டின் ஓட்டத்தை அளந்தார். கண்மாய்க்கரையில் ரெண்டு வண்டி சேர்ந்தோட அகலம் கிடையாது. பங்குனிப் பந்தயத்தில் வண்டிகள் ஒண்ணொண்ணாகத்தான் ஓடும். அரசமரத்தடிக் கோட்டில் கிளம்பி, கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலுங்கைச் சுற்றிக்கொண்டு அதே கோட்டுக்குத் திரும்ப வேண்டும். ஜெயித்தது யார் என்று சொல்வது அந்த வாட்சுதான்.

தாத்தாவுக்குப் பிறகு அப்பா. அப்பாவிடமிருந்து பிள்ளைகள் ரெண்டுக்கும் அந்தக் கிறுக்கு இறங்கிவிட்டது. சோறு கொதிக்கிற நேரம், தபால்காரர் தெருவைக் கடக்கிற நேரம், ஆத்தாவின் கோபம் ஆறுகிற நேரம், எல்லாவற்றையும் அளந்து சிரிக்கிற வீடு. வல்லியைத் திருக்கோகர்ணத்தில் கட்டிக்கொடுத்தபோது, மாப்பிள்ளை தாலி முடிச்சுப் போட எத்தனை விநாடி பிடித்தது என்று அளந்த ஆள் அவர். பதினேழு. மணவறையிலேயே அவள் காதில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

முள்ளைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தாமல் வாட்சைக் கீழே வைக்கக் கூடாது என்பது வீட்டுப் பழக்கம். எட்டு வயதிலிருந்து வல்லிக்குக் கை பழகிய பழக்கம். இன்னொன்று பழக்கமில்லை, சத்தியம் மாதிரி. நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது. நாலு வருசத்துக்கு முன்னால் ஆத்தாவின் கூடப்பிறந்த பெரியண்ணன் மாமாவின் வண்டி அரை விநாடியில் தோற்றது. "மச்சான், அரை விநாடி யாரு கண்ணுக்குத் தெரியப் போவுது?" என்று மாமா கையைப் பிடித்தார். அப்பா கையை உருவிக்கொண்டு, உள்ளதைக் கூட்டத்துக்கு நடுவில் சொன்னார். மாமா ரெண்டு வருசம் இந்த வாசப்படி மிதிக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட ஆள்தான் இன்றைக்குக் காலையில் மகன் நாகராசுவின் மாட்டை ஒத்திகை பார்க்கப் போனார். நாளன்னைக்குப் பந்தயம்; அதைப் பார்க்கத்தான் வல்லியும் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். நாகராசு வண்டியை ஓட்ட, அப்பா வாட்சோடு கோட்டில் நின்றார். கரையில் அவர்கள் ரெண்டு பேரைத் தவிர ஈ காக்காய் கிடையாது. கலுங்கிலிருந்து திரும்பும்போது சூரியன் நேர் எதிரே ஏறிவிட்டது. நாகராசுவுக்கு வெளிச்சம் தெரிந்தது, மாட்டின் கொம்பு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. சக்கரம் ஒரு துள்ளுத் துள்ளியது. இழுத்துப் பிடித்து, இறங்கி ஓடி வந்து பார்த்தால் அப்பா கிடக்கிறார். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அந்த வண்டியிலேயே அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மணியக்காரர் வந்து பார்த்தார், ரெண்டு கேள்வி கேட்டார், தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

உச்சிப் பொழுதில் நீர்மாலைக்குத் தயாரானார்கள். மகன்காரன்தான் பங்காளிகளோடு கண்மாய்க்குப் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். அதை ஊற்றித்தான் அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டும். சங்கு ஊதுகிற ராக்கன் வந்து காத்துக்கொண்டிருந்தான். நாகராசு மாட்டுக்கொட்டகையை விட்டு அசையவில்லை.

பெரியண்ணன் மாமா வல்லியிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"நான் சொல்லிப் பாத்துட்டேன் ஆத்தா. 'கொன்ன கையால நான் தண்ணி ஊத்த மாட்டேன், கொள்ளியும் வைக்க மாட்டேன்'ங்கிறான். மகன் இருக்கையில வேற ஒருத்தன் வைக்கிறதா? நீ போயிப் பேசு. அவன் மொகம் சரியில்ல. பயமா இருக்கு எனக்கு."

வல்லிக்கும் பயமாகத்தான் இருந்தது. காலையிலிருந்து கொட்டகை உத்திரத்தையும் அங்கே சுருட்டி மாட்டியிருந்த, கிணற்றில் நீர் இறைக்கிற கமலைக் கயிற்றையும் நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஐந்தாம் தடவை கயிற்றை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள்.

நாகராசு வைக்கோலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபது வயசுப் பிள்ளை. ஒரே காலைப்பொழுதில் முகம் கிழடு தட்டிப் போயிருந்தது.

"தம்பி."

"வாட்ச் எங்கக்கா?"

அவள் திடுக்கிட்டாள். இதைத்தான் கேட்பான் என்று தெரியாமலா இருந்தது? "எங்கிட்டத்தான் இருக்கு."

"முள்ளு எங்க நிக்கிது? அதப் பாத்தாத் தெரிஞ்சு போகும்லக்கா. நான் வர்றதுக்கு முன்னாடியே விழுந்தாரா, நான் வந்து... காட்டு."

மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். பார்த்ததும் அவன் வாய் கோணிக்கொண்டு போயிற்று.

"பன்னெண்டுக்குக் கொண்டாந்துட்டியா?"

"கை பழக்கம்டா. நெனைக்கறதுக்குள்ள அமுக்கிட்டேன்."

நாகராசு தலையில் அடித்துக்கொண்டான். பட்பட்டென்று அடித்தான். அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அமுக்கறதுக்கு முன்னாடி பாத்தியா? பாக்காம இருக்க மாட்டியே நீ. சொல்லுக்கா. எவ்வளவு?"

மூணு நாலு. மூணு நிமிசம், நாலு விநாடி. இந்த மாடுகள் மூணு பத்துக்குக் கீழே ஓடினதே கிடையாது. அந்த மூணு பத்தை உடைக்கத்தான் அப்பாவும் மகனும் மாசக்கணக்காகக் கிடந்து அலைந்தார்கள். இன்றைக்கு உடைத்துவிட்டான். சக்கரம் கோட்டைத் தொடுவதைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்று அப்பா இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்து குனிந்திருக்கிறார். பார்த்திருக்கிறார். அமுக்கியும் இருக்கிறார். வல்லிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. டேய் தம்பி, ஜெயிச்சுட்டடா என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது.

"ரெண்டு நாப்பது" என்றாள்.

"ரெண்டு நாப்பதா?"

"ரெண்டு நாப்பது. நல்லாப் பாத்தேன்."

அவன் கண்ணை மூடினான். உதடு முணுமுணுத்தது. கரை முழுவதும் அவன் மனசுக்குள் ஓடுவதை அவளால் பார்க்க முடிந்தது. மடை, பனங்கூட்டம், ஐயனார் கோயில் வளைவு.

"ரெண்டு நாப்பதுன்னா நான் வளைவுகூடத் திரும்பலையே" என்றான். "எந்த மாட்டாலயும் முடியாதே. அப்ப... நெஞ்சு வலி வந்து விழுந்தாரா? விழறப்பக் கை பட்டு அமுங்கிருச்சா?"

"அப்பிடித்தான்டா இருக்கும். நீ வர்றதுக்கு முன்னாடியே உசுரு போயிருச்சுடா."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். வல்லி கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் எல்லாம் போச்சு என்று தெரியும். அப்புறம் அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "அப்பா" என்று ஒரு சத்தம் போட்டான். தெருவே திரும்பிப் பார்த்தது. காலையிலிருந்து அவன் அழுத முதல் அழுகை அது.

அழுது ஓய்ந்ததும் எழுந்து போனான். மாமா அவன் தோளில் வெள்ளைத்துணியைப் போட்டார். சங்கு ஊதிக்கொண்டு கூட்டம் கண்மாய்ப் பக்கம் நகர்ந்தது. பெண்களும் தெருமுனைவரைக்கும் பின்னால் போய்விட்டார்கள்.

வாசலில் அப்பாவும் ஆத்தாவும் மட்டும் இருந்தார்கள். வல்லி போய் ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்திரிச்சுப் போயிட்டானா?" ஆத்தாவின் குரல் கரகரத்தது. காலையிலிருந்து பேசாத வாய்.

"போயிட்டான்."

"என்ன சொன்ன?"

"ரெண்டு நாப்பதுன்னு சொன்னேன்."

ஆத்தா புருசன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "சரி. எனக்குச் சொல்லு" என்றாள்.

வல்லி சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்தாள். குனிந்து ஆத்தாவின் காதருகே, "மூணு நாலு" என்றாள்.

ஆத்தாவுக்கு மூச்சு ஒருமுறை பெரிதாக இழுத்து நின்றது. அப்பா மேல் கிடந்த வேட்டியின் ஓரத்தை நீவிவிட்டாள். நீவினதையே திரும்பத் திரும்ப நீவினாள்.

சங்குச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"மொகத்தத் தொடச்சுக்க" என்றாள் ஆத்தா. "புள்ள வாரான்."

தலையில் குடத்தோடு நாகராசு வாசலுக்குள் வந்தான். தண்ணீர் அலம்பி நெற்றியிலும் மாரிலும் வழிந்துகொண்டிருந்தது. பெண்கள் ரெண்டு பேரும் எழுந்து, ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கி, அவனுக்கு வழி விட்டார்கள்.