பக்கத்து இருக்கை பிரேக்

நாய்க் காப்பகத்து டாக்டரம்மா ஒரு மாதம்தான் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் நாய் தெருமுனை வரை நடந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் கூண்டுதான். கூண்டில் இருந்தபோது அது சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒன்பது நாள் சோற்றைத் தொடவில்லை.

"தெருவுல கால் வைக்காத நாயை வீட்டோட விடறதில்ல, அதான் எங்க விதி. யோசிச்சு சொல்லுங்கம்மா."

அவள் யோசிக்கவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். கியரைத் தொட்டாலே வேர்த்துக்கொட்டுகிறவர்களை எல்லாம் பன்னிரண்டு வருடமாக லைசென்ஸ் வாங்க வைத்தவள். நாலு கால் இருந்தால் மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது என்று கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

வந்ததும் அது சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டது. பூட்டிய கிடங்கு ஒன்றில் இரண்டு வருடம் சங்கிலியில் கிடந்த உயிர். கரண்டி கீழே விழுந்தாலே மூத்திரம் போய்விடும். சாப்பாடு அது இருக்கும் இடத்தைத் தேடிப் போகவேண்டி இருந்ததால் அவள் தம்பி அதற்குத் துரை என்று பெயர் வைத்தான். தம்பிக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலை. அவன் வாய் மட்டும் என்றைக்குமே ரிப்பேர் ஆனதில்லை.

அவள் விடவில்லை. தினமும் காலையில் மேஜைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கூப்பிடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஓர் ஈர மூக்கு அவள் முழங்கையைத் தொட்டது. அழுதுவிட்டாள். ஆனால் அசையாமல் அழுதாள். அன்றிலிருந்து அது அவளுக்கு அவன்.

பதினாறாம் நாள் கூடத்துக்கு வந்தான். இருபதாம் நாள் வாசற்படி. இருபத்திரண்டாம் நாள் கேட். அதோடு சரி. கேட்டைத் தாண்டி நாலு அடி வைப்பான். ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் போதும், பிடித்துவைத்த பிள்ளையார்தான். கோழித்துண்டைக் காட்டினாள், கொஞ்சினாள், கெஞ்சினாள். இப்படியே இன்னும் நாலு நாள் வீணாகப் போயிற்று.

கேட்டில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த தம்பி மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"அடிப்பேன். சொல்லு."

"பிரேக் போடறது அவன் இல்ல, நீதான். உன் காலைப் பாரு."

பார்த்தாள். வலது கால் செருப்பு தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அவள்தான் மிதிக்க வேண்டும். அந்தப் பழக்கம் தெருவிலும் விடவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் கால் மிதித்தது, கூடவே கை கயிற்றைச் சுண்டியது. ஆபத்து வருகிறது என்று துரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அவளேதான்.

தன் மேலேயே அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. துரையை உள்ளே விட்டுவிட்டு, கயிற்றின் மறுமுனையைத் தம்பி கையில் திணித்தாள்.

"இனிமே நீதான் நாய். நட."

"இதுக்குத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்கறது."

மூன்று நாள், காலையும் மாலையும் நடந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் பால்கனியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சட்டை செய்யவில்லை. கயிறு சுண்டும்போதெல்லாம் தம்பி சத்தமாக எண்ணினான். முதல் நாள் இருபத்தேழு. அடுத்த நாள் ஒன்பது. மூன்றாம் நாள் ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு லாரிக்கு.

"லாரின்னா நானே சுண்டுவேன்க்கா, விடு."

"விட மாட்டேன். இன்னொரு ரவுண்டு வா."

முப்பதாம் நாள் டாக்டரம்மா தெருமுனையில் காகிதத்தோடு நின்றார். துரை கேட்டைத் தாண்டினான். நாலாவது அடியில் ஒரு ஸ்கூட்டர் உரசினாற்போல் போயிற்று. காதுகளை மடக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களைத் தளர்த்தினாள். துரை ஐந்தாவது அடி வைத்தான்.

பாதித் தெருவில் லாரி வந்தது, ஹாரன் வேறு. துரை தரையோடு தரையாகப் படுத்துவிட்டான். டாக்டரம்மா ஓர் எட்டு முன்னால் வந்தார்.

"வராதீங்க டாக்டர்!"

துரையை அவள் கூப்பிடவில்லை, இழுக்கவில்லை. கயிற்றைத் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்தில் சும்மா நின்றாள். சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது. லாரி போயிற்று. தூசி அடங்கியது. துரை எழுந்தான், உடம்பை உதறிக்கொண்டான், அவளைத் திரும்பிப் பார்க்காமலே நடந்தான்.

தெருமுனையில் டாக்டரம்மா கையெழுத்தைப் போட்டார். "போதும்மா, வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டு போங்க."

துரை அதற்குள் அவரையும் தாண்டி, முனை திரும்பி, ஒரு விளக்குக் கம்பத்தை முகர்ந்துவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தான்.

"நான் எங்க திருப்பறது டாக்டர்? வண்டி அவன் கையில இருக்கு!" என்று சொல்லிவிட்டு அவன் பின்னாலேயே ஓடினாள்.