இரண்டாவது பிரேக்

சித்தப்பாவின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி என்பது ஒரு மேசை, ஒரு பழைய கார், கண்ணாடியில் ஒட்டிய சாலைக் குறியீடுகள், அவ்வளவுதான். காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்காரும் சித்தப்பாவின் காலடியில். பதினெட்டு வருடமாக மற்றவர்களின் தப்பை மிதித்து மிதித்து அவருடைய வலது கால் மட்டும் தடித்துவிட்டது என்று அம்மா கேலி செய்வாள்.

மருத்துவக் கல்லூரி நேர்முகத்துக்கு அண்ணன் மகளான அவளைத் தயார் செய்கிற பொறுப்பைச் சித்தப்பா தானாகவே எடுத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் கடைசி மாணவர் இறங்கிப் போனதும் அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைப்பார். கார் நிற்கும். எஞ்சின் அணைந்திருக்கும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கல்லூரிக்காரராக மாறிக் கேள்வி கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பார். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அப்படியானால் மறுபடியும் முதலிலிருந்து.

"உன் மார்க் ஏன் இவ்வளவு குறைச்சல்?"

"எனக்கு இயற்பியல் புரியல. அப்புறம் புரிஞ்சுது. அதுக்குள்ள பரீட்சை முடிஞ்சுபோச்சு."

டக்.

"ஏம்மா, இதெல்லாம் ஒரு பதிலா? டைஃபாய்டுன்னு சொல்லு. பரீட்சை சமயத்துல டைஃபாய்டு. மூணு வாரம் படுத்த படுக்கை. யார் போய்ப் பார்க்கப் போறாங்க?"

"எனக்கு டைஃபாய்டு வரவே இல்லயே, சித்தப்பா. கேக்கறவங்க எல்லாரும் டாக்டர். எந்த மருந்து சாப்பிட்டேன்னு கேட்டா?"

சித்தப்பா அதை யோசித்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முறையிட்டார். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அந்த ஊர் மருத்துவர்களின் வெள்ளைக் கோட்டுகளில் பாதி அவள் கையில்தான் மடிப்பு வாங்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் பெரிய மனதோடு சொன்னாள்.

"அவளுக்கு வேணாம்னா எனக்கு இருந்ததா சொல்லட்டும். என்ன வியாதி வேணுமோ வச்சுக்கோடி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பெற்ற தாயின் உடம்பில் நோய் தேடுகிற நிலைமை வந்துவிட்டதே என்று மகளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் மதிப்பெண் பட்டியலை எடுத்துச் சுவர்க் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தாள். தலை வாரும்போதெல்லாம் அது கண்ணில் பட வேண்டும். வகுப்பின் சராசரிக்கும் கீழே நின்ற எண்கள். பார்த்துப் பார்த்து அவற்றின் மேல் இருந்த கூச்சம் போய்விட வேண்டும் என்பது அவள் கணக்கு.

பள்ளி முடித்து இரண்டு வருடமாக அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை பார்த்தாள். நுழைவுத் தேர்வை இரண்டாம் முறை எழுதி, எல்லைக்கோட்டுக்கு இரண்டே மதிப்பெண் மேலே வந்திருந்தாள். மருத்துவமனை சார்ந்த வேலை அனுபவம் இருந்தால் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பவர்களையும் அந்தக் கல்லூரி நேர்முகத்துக்குக் கூப்பிடும். பதினாறு இடங்கள். நூற்றுப்பத்துப் பேர். இந்த வருடத்தோடு அந்த ஏற்பாட்டையும் நிறுத்தப்போகிறார்கள் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. விட்டால் வேறு கதவு இல்லை.

கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மறுபடி' என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் இருந்தது. நாற்காலியில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரிடமும் அவள் முழுப் பெயரைக் கேட்பாள். பிறந்த தேதியைக் கேட்பாள். ஊசி குத்தி, குழாய் நிரம்பியதும், "மறுபடி ஒருதரம் சொல்லுங்க" என்பாள். அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் கண் முன்னாலேயே குழாயில் சீட்டு ஒட்டுவாள். மற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை. காலையில் கூட்டம் அம்மும்போது, வந்திருப்பவர்களின் சீட்டுகளை முதலிலேயே காலிக் குழாய்களில் ஒட்டி வரிசையாக அடுக்கிவிடுவார்கள். ஆள் உட்கார, குழாயை எடுக்க, குத்த வேண்டியதுதான். வேகம் இரண்டு மடங்கு.

"நீ டாக்டரா?" என்று மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். விடுப்புக் கடிதத்தில் அவள் காரணம் எழுதியிருந்தாள். "பேஷண்ட் போய்ச் சேர்ந்தப்புறமும் மறுபடி பேர் சொல்லுங்கன்னு நிப்பே."

கூடமே சிரித்தது. அவள் கையிலிருந்த குழாயைத் தலைகீழாகத் திருப்பி மெல்லக் குலுக்கிக்கொண்டே, வியாழக்கிழமை விடுப்பு வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அவளும் ஒரு காலத்தில் சீட்டை முதலில் ஒட்டியவள்தான். சேர்ந்த மூன்றாவது மாதம். ஒரே பெயருள்ள இரண்டு பெரியவர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். வரிசையில் இருந்த குழாயை எடுத்தாள், குத்தினாள், அனுப்பினாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான், முதலில் வந்தவருக்கு அறுபத்திரண்டு வயது என்று சீட்டில் இருந்ததும், நாற்காலியில் இருந்த கை எண்பது வயதுக் கை என்பதும் சேர்ந்து நினைவுக்கு வந்தன. யாருக்கும் தெரியாது. தெரியவும் வந்திருக்காது. அவள் டப்பாவை மூடிவிட்டு மேலே போய், முடிவுகளை அனுப்பாதீர்கள் என்றாள். இரண்டு பேரையும் திரும்ப வரவழைத்து இரத்தம் எடுத்தார்கள். அப்படியே விட்டிருந்தால் சர்க்கரை இல்லாதவருக்கு மாத்திரை போயிருக்கும், இருப்பவருக்குப் போயிருக்காது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அன்றிலிருந்துதான் 'மறுபடி'.

அந்தக் கதையை நேர்முகத்தில் சொல்லப் போவதாக ஒரு சாயங்காலம் காரில் சொன்னாள். சித்தப்பா பிரேக்கை மிதித்தவர் காலை எடுக்கவே இல்லை. மார்க்கும் இல்லை, இதில் போய்த் தப்பு செய்தேன் என்று வேறு மாலை போட்டுக்கொண்டு போகப்போகிறாயா என்று அரை மணி நேரம் புலம்பினார்.

வியாழக்கிழமை வந்தது. அம்மா அவளுடைய ஒரே நல்ல உடைக்கு மருத்துவர் கோட்டுக்குப் போடுவதைவிட இரண்டு தரம் அதிகமாக இஸ்திரி போட்டிருந்தாள். உட்கார்ந்தால் உடை உடைந்துவிடும் போல் இருந்தது. சித்தப்பா பயிற்சிக் காரிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டு, வாசலில் காத்திருப்பதாகச் சொன்னார். சொல்லும்போது உதட்டை மட்டும் அசைத்து 'டைஃபாய்டு' என்றார்.

காத்திருக்கும் கூடத்தில் ஒரு அலுவலகப் பணியாளர் பட்டியலைப் பார்த்து அவள் பெயரைப் படித்தார். இரண்டு பேர் எழுந்தார்கள். இவளும், இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணும். அந்தப் பெண் கையில் சான்றிதழ்களால் உப்பிப்போன ஒரு கோப்பு இருந்தது. அவளுடைய பெயர் அபூர்வமான பெயர் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரும் அடுத்தடுத்துத்தான். யாராவது ஒருத்தர் வாங்க" என்றார் பணியாளர்.

அந்தப் பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இவள் உள்ளே போனாள்.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பேராசிரியை. ஒரு பக்கம் ஒல்லியான அறுவை மருத்துவர். இன்னொரு பக்கம் எழுதிக்கொண்டே இருந்த ஒருவர். மேசை மேல் ஒரு சின்னக் கடிகாரம், பன்னிரண்டு நிமிடத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

பேராசிரியை புன்னகையோடு ஆரம்பித்தார். வேதியியலில் தொண்ணூற்றாறா, பிரமாதம் என்றார். அறுவை மருத்துவரும் தலையாட்டினார். மாநில அளவில் பேச்சுப் போட்டியில் வேறு பரிசாமே, நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனாலும் அவர்களைத் திருத்தவில்லை. இரண்டு வருடமாக யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. மூன்று பெரிய மனிதர்களின் முகத்தில் அவளுக்காக ஒரு வெளிச்சம். நேரத்தைத் திட்டமிட்டுக்கொள்வேன் என்று ஏதோ சொன்னாள். அதுவும் அவர்களுக்குப் பிடித்துப்போனது. அடுத்து ஏன் மருத்துவம் என்று கேட்டார்கள். பாதி பதில் சொன்னாள். கடிகாரத்தில் ஏழரை நிமிடம் பாக்கி. இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். எழுதுகிறவர் நல்லதாகவே எழுதிக்கொண்டிருந்தார்.

எழுதுகிறவருடைய பேனாவைப் பார்த்தாள். அந்தத் தாளின் தலைப்பில் முதலிலேயே ஒரு பெயர் ஒட்டியிருந்தது. காலிக் குழாயில் ஒட்டிய சீட்டு.

"மேடம், என் பிறந்த தேதியக் கேளுங்க."

பேராசிரியைக்குப் புரியவில்லை. எதற்கு என்றார்.

"பேர் மட்டும் போதாது. தேதியும் கேக்கணும். நீங்க வச்சிருக்கறது என் ஃபைல் இல்ல. வெளில இருக்கற பொண்ணோடது."

தேதியைச் சொன்னாள். காகிதங்கள் புரண்டன. அடியிலிருந்து மெல்லிய கோப்பு ஒன்று மேலே வந்தது. பேராசிரியை அதைத் திறந்து பார்த்தார். வெளிச்சம் அணைந்தது. அவள் எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் ஊசி ஏறும் இடம் தெரிந்தே கை நீட்டுகிறவர்களுக்கும் வலிக்கத்தானே செய்யும்.

அறுவை மருத்துவர் எண்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த மார்க்க வச்சுக்கிட்டு நீங்க எப்படி இங்க வந்தீங்க?"

"நீங்கதான் சார் கூப்பிட்டீங்க."

எழுதுகிறவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், ஐந்தரை நிமிடம் இருந்தது. மிச்ச நேரத்தில் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம் என்றார்.

எங்கேயோ 'டக்' என்று சத்தம் கேட்டது போல் இருந்தது. கேட்டால் கேட்கட்டும் என்று நினைத்தாள்.

"மிச்ச நேரம் இல்ல, மேடம். இதுவரைக்கும் ஓடினது அந்தப் பொண்ணப் பத்தி. என் பன்னிரண்டு நிமிஷம் இன்னும் ஆரம்பிக்கல."

பேராசிரியை கையை நீட்டிக் கடிகாரத்தைத் திருப்பிப் பன்னிரண்டில் வைத்தார். எழுதுகிறவரிடம் புதுத் தாள் எடுக்கச் சொன்னார். தலைப்பில் பெயரை எழுதும் முன் அவர் அவளிடம் பிறந்த தேதியைக் கேட்டுக்கொண்டார்.

மார்க் ஏன் குறைந்தது என்பதுதான் முதல் கேள்வி. இயற்பியல் புரியாமல் போனதையும், பரீட்சைக்குப் பிறகு தானே உட்கார்ந்து படித்ததையும், எந்தத் தேர்விலும் கடைசிக் கேள்வி வரை போய்ச் சேர்ந்ததில்லை என்பதையும் சொன்னாள். போய்ச் சேர்ந்த வரைக்கும் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்றாள். நோய் எதுவும் இல்லை, வீட்டில் யாருக்கும் இல்லை, அம்மா நன்றாக இருக்கிறாள் என்பதையும் கேட்காமலே சொல்லிவைத்தாள். பிறகு இரண்டு பெரியவர்களின் குழாய் மாறிய கதையைச் சொன்னாள்.

"யாரும் கண்டுபிடிக்கலயா?" என்று கேட்டார் அறுவை மருத்துவர்.

"இல்ல. நான்தான் சொன்னேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"தெரிஞ்சே இருக்காது. அதனாலதான் சொன்னேன்."

அவர் விடவில்லை. இவ்வளவு மெதுவான ஆள் அவசரப் பிரிவில் நின்றால் நோயாளி என்ன ஆவார் என்று கேட்டார். மேற்பார்வையாளர் கேட்ட அதே கேள்விதான், கொஞ்சம் இஸ்திரி போட்டிருந்தது.

"என் கை மெதுவு இல்ல, சார். குழந்தைங்களுக்குக்கூட ஒரே குத்துலதான் எடுப்பேன். பேர் கேக்கற இடத்துல மட்டும்தான் மெதுவு. அத வேகமாக்கச் சொன்னா நான் மாட்டேன். நீங்க சீட் குடுத்தாலும் மாட்டேன்."

பன்னிரண்டாவது நிமிடம் வரை அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். யார் முகத்திலும் பழைய புன்னகை திரும்பி வரவில்லை. கடிதம் மூன்று வாரத்தில் வரும் என்றார்கள். எழுந்தாள். உடையில் அம்மா போட்ட மடிப்பு எதுவும் மிச்சமில்லை.

வெளியே அந்தப் பெண் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். எப்படி இருந்தது என்று கண்ணாலேயே கேட்டாள்.

"உன் மார்க் நல்ல மார்க்" என்றாள் இவள். "உள்ள போனதும் பிறந்த தேதிய நீயே முதல்ல சொல்லிடு."

வாசலில் சித்தப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நேராக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவளிடம் உரிமம் இருந்தது, அவர் கையால் வாங்கித் தந்ததுதான். அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கார் தெருவுக்கு வரும்வரை பொறுத்துப் பார்த்தார்.

"டைஃபாய்டு சொன்னியா?"

"இல்ல."

"அந்தக் குழாய் விஷயம் சொல்லலயே?"

"சொன்னேன். அதுக்கு முன்னால இன்னொண்ணும் சொன்னேன்."

கோப்பு மாறிய கதையை அவள் கியர் மாற்றிக்கொண்டே சொன்னாள். தொண்ணூற்றாறு என்ற இடத்தில் சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. பிறந்த தேதி என்ற இடத்தில் வாடியது. கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொன்ன இடம் வந்தபோது அவருடைய தடித்த வலது கால் தன் பாட்டுக்கு இறங்கியது.

டக்.

நடுத்தெருவில் கார் நின்றது. பின்னால் இரண்டு வண்டிகள் ஒலி எழுப்பின.

"போச்சே, எல்லாம் போச்சே" என்றார் சித்தப்பா. "தானா வந்தத யாராவது வேணாம்னு சொல்லுவாங்களா?"

"கிடைச்சா என் மார்க்குக்குக் கிடைக்கட்டும், சித்தப்பா. போனாலும் என் மார்க்குக்குத்தான் போகணும். அடுத்தவ மார்க்குக்கு எனக்குக் கிடைக்கவும் வேணாம், போகவும் வேணாம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் இருந்தவர் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவள் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தாள், சைகை விளக்கைப் போட்டாள், கிளட்சை மிதித்து எஞ்சினைக் கிளப்பி, முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சை மெல்ல விட்டாள். கார் நகரவில்லை.

"காலை எடுங்க, சித்தப்பா" என்றாள்.