மணல் மூட்டை வைக்காத கார்

"உனக்கு வாய்னு ஒண்ணு இருக்குதா இல்லையா?"

பத்தாம் வகுப்பில் கணக்கு டீச்சர் எல்லார் முன்னாலும் தாரிணியிடம் கேட்டது அது. பதில் வராமல் நின்றவள் மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமே போகவில்லை. இரண்டு வருடமாக மலைமேல் ஜெகதளாவில் அண்ணன் அன்புவின் ஒர்க்‌ஷாப்தான் கதி. ரேஸ் கார்களின் பின்பக்க சஸ்பென்ஷனை மாட்டிச் செட் செய்யும் இடம். போல்ட்டை முறுக்குவது அன்பு. முறுக்கியாயிற்று என்று நட்டின்மேல் மஞ்சள் பெயிண்டில் கோடு போடுவது அவள்.

இன்று காலை அவள் போட்ட நான்கு கோடுகளும் பொய்.

பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையின் முனையில் புஷ் என்கிற ரப்பர் வளையம் உண்டு. கார் ஜாக்கியில் நிற்கும்போது போல்ட்டைச் சும்மா பிடித்துத்தான் வைக்க வேண்டும். காரை இறக்கி, டிரைவர் சீட்டில் ஓட்டுகிறவர் எடைக்கு மணல் மூட்டை வைத்து, அப்புறம்தான் காருக்கு அடியிலிருக்கும் குழிக்குள் இறங்கி முழுசாக முறுக்குவது. அந்தரத்தில் முறுக்கிவிட்டால் கார் இறங்கியதும் ரப்பர் திருகிக்கொண்டே நிற்கும். எந்த வளைவில் கிழியும் என்று சொல்ல முடியாது. போன மழைக்காலத்தில் வேறு யாரோ செட் செய்த கார் அப்படித்தான் பின்பக்கம் சுழன்று, தடுப்புச் சுவரில் பாதி தொங்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துவிட்டு வந்து இந்த மூட்டைச் சட்டத்தைப் போட்டவனே அன்புதான்.

இன்றைக்கு அவனே அவசரத்தில் அந்தரத்தில் முறுக்கிவிட்டான்.

"மூட்டையெல்லாம் இருக்கட்டும், கோட்டப் போடு புள்ள. அஸ்வந்த் வந்துட்டான்."

போட்டாள். ஒரு கோடு கோணலாகக்கூட விழுந்தது. அன்பு காரைக் குழிமேல் இறக்கினான்.

அஸ்வந்த் கோயமுத்தூர்க்காரன், ஞாயிற்றுக்கிழமை போட்டியில் ஓட்டப் போகிறவன். குனிந்து கோடுகளை டார்ச் அடித்துப் பார்த்தான்.

"தாரிணி கோடு போட்டா எமனே ஒதுங்கி நிப்பான். பர்லியார் வரைக்கும் ஒரு இறக்கம் இறங்கிப் பாத்துட்டு வந்தர்றனுங்கண்ணா."

பர்லியார்வரை எத்தனை கொண்டை ஊசி வளைவு! அத்தனையிலும் மூடுபனி. அண்ணனைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே 'மூச்சு விடாதே' என்றான். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. அஸ்வந்த் பெல்ட்டை மாட்டினான். எஞ்சின் உறுமியது.

பெயிண்டைக் கரைக்கும் தின்னர் நனைத்த துணியோடு அவள் குழிக்குள் குதித்தாள்.

"ஏய்! மேல வாடி!" அன்பு கத்தினான்.

தலைக்கு மேல் கார் அதிர்ந்தது. எந்த நொடியும் நகர்ந்துவிடலாம். ஒவ்வொரு கோடாகத் தேய்த்து அழித்தாள். மேலே ஏறி, மஞ்சளான துணியை ஜன்னலுக்குள் நீட்டினாள்.

எஞ்சின் நின்றது.

"என்ன தாரிணி?"

"அதுக்கு கிறுக்குப் புடிச்சுருச்சு. நீங்க கெளம்புங்க," என்றான் அன்பு.

மூலையில் கிடந்த மூட்டையைக் காட்டினாள். வாய் திறந்தது: "மூட்டை... வைக்கலீங்க."

அஸ்வந்த் இறங்கி அன்புவை ஏறிட்டான். "நட்டத் தளத்துங்கண்ணா."

அன்பு குழிக்குள் இறங்கி ஸ்பேனரை மாட்டினான். நட்டு ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. டொப் என்று காரின் பின்பக்கம் ஒரு விரற்கடை கீழே உட்கார்ந்தது.

ரப்பர் அவ்வளவு திருகி நின்றிருந்தது. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அஸ்வந்தின் முகம் வெளுத்துப்போனது. டிரைவர் சீட்டில் போய் அசையாமல் உட்கார்ந்தான்.

"மூட்டை எதுக்கு, நானே இருக்கறேன். முறுக்குங்க."

அன்பு குழியிலிருந்து ஏறி வந்தான். அடிக்கப் போகிறான் என்று தாரிணி கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, நீயே முறுக்கிக்கொள் என்பதுபோல் ஸ்பேனர் அவள் காலடியில் கிடந்தது. ஆணியில் மாட்டியிருந்த ஜெர்கினை எடுத்துக்கொண்டு அன்பு பனிக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தான்.