முத்திரை போன பலகை

கூடையின் நீளம் பதினெட்டு அங்குலம், அகலம் பதினொன்று. இரு முனையிலும் மேல்விளிம்பு வளைந்த பலகை. அவற்றை இணைக்க ஒன்பது பட்டைகள், பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளி. பறித்த காயைக் கூடையோடு குழாயடியில் வைத்தால் மண் கரைந்து கீழே ஓடிவிடும். எந்தத் தேதியில் எதை அறுத்தேன், எந்த உப்புத்தாளால் எத்தனை முறை தேய்த்தேன் என்பதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. எழுத வேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை. அதுதான் செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

மாலை நேரத் தச்சு வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. அதற்கு முன் தையல் பாதி, தட்டச்சு பாதி. "நீ ஆரம்பிச்சதையெல்லாம் வரிசையா அடுக்கினா ஒரு பொருட்காட்சியே வைக்கலாம்டி" என்பாள் அக்கா. அதனால்தான் முதல் கூடையை அவளுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வீட்டுக் கொல்லையில் கேரட், பீன்ஸ், கத்தரி எல்லாம் போட்டிருக்கிறாள். கூடையைத் திருப்பிப் பார்த்தாள், அடியில் தட்டிப் பார்த்தாள், கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். குறை எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "எங்க வீட்டு ஆசாரி செஞ்சது" என்று காட்டினாள். அன்று நான் தரையில் நடக்கவில்லை. இது நடந்து மூன்று வாரம்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் இரண்டாவது கூடைக்குப் பட்டை அறுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மேசையில் லாரி டிரைவர் அண்ணன். ஒரு முக்காலியோடு இரண்டு மாதமாக மல்லுக்கட்டுகிறார்.

"மரம் எங்க புடிச்ச, தங்கச்சி?"

"நான் வேலை பாக்கற கிடங்குலண்ணே. உடைஞ்ச பேலட். கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"முத்திரை பாத்தியா?"

"என்ன முத்திரை?"

"சரக்கு அடுக்கற பலகை ஒவ்வொண்ணுலயும் சுட்டிருப்பாங்களே. எச்.டி.ன்னு இருந்தா வெறும் சூடு காட்டின மரம், பயமில்ல. எம்.பி.ன்னு இருந்தா பூச்சி சாக மருந்துப் புகை போட்டது. அதைச் சாப்பாட்டுச் சாமான் பக்கமே கொண்டு போகக் கூடாது." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன், பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

முத்திரையை நான் பார்த்திருந்தேன். கறுப்பாக, அசிங்கமாக இருந்தது. இழைப்புளி போட்டு அடியோடு சீவி எடுத்தேன். நாட்குறிப்பில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது: 'கறை நீக்கம், நாற்பது நிமிடம்.' என்ன எழுத்து என்று குறித்துக்கொள்ளவில்லை.

அக்காவுக்கு எட்டு மாதத்தில் ஒரு பையன். எல்லோருக்கும் அவன் குண்டு. இப்போதுதான் பாலைத் தவிர வேறு சாப்பிடப் பழகுகிறான். தினமும் ஒரு கேரட், அந்தக் கூடையில் கழுவி, வேகவைத்து, மசித்து.

புதன்கிழமை கிடங்கில் தேடினேன். நான் பிரித்த பேலட்டுகளின் மிச்சம் கழிவு வண்டியில் போயிருந்தது. நின்றிருந்த மற்றவற்றை டார்ச் அடித்துப் பார்த்தேன். மொத்தம் இருபத்தாறு. இருபத்துமூன்றில் சூடு, மூன்றில் மருந்து.

"என்னம்மா, தோடு கீடு தொலைச்சிட்டியா?" என்றார் மேற்பார்வையாளர்.

"இல்ல சார், சும்மா" என்றேன். சும்மா யாராவது குனிந்து குனிந்து பலகை பார்ப்பார்களா?

இருபத்தாறில் மூன்று என்பது ஆறுதல் தரவேண்டிய கணக்குதான். எனக்கு அந்த மூன்று மட்டுமே கண்ணில் நின்றது. வியாழக்கிழமை வகுப்பில், கூடைக்கு அறுத்ததில் என்னிடம் மிஞ்சியிருந்த ஒரு துண்டை ஆசிரியரிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்து, "இதை வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார். அக்காவின் எண்ணை எத்தனையோ முறை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்தேன். குண்டு இரண்டு தும்மல் போட்டாலே அவள் வெப்பமானியை எடுப்பவள். உறுதியாகத் தெரியாததைச் சொல்லிக் கலங்கடிப்பானேன் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. 'எங்க வீட்டு ஆசாரி' என்ற அந்த வார்த்தையை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் போனேன். அத்தான் கூடத்தில் குண்டுவைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார். "வாங்க ஆசாரியம்மா! நாற்காலி ஒண்ணு ஆடுது, பாத்துட்டுப் போங்க."

சமையலறையில் அக்கா அடுப்பைத் தணித்துக்கொண்டிருந்தாள். தொட்டியின் ஓரத்தில் கூடை, ஈரம் சொட்டச் சொட்ட.

"அக்கா, கைப்பிடில ஒரு திருகாணி சரியில்ல. எடுத்துட்டுப் போய் முடுக்கிட்டு வந்துடறேன்."

"அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. கைய வச்சுக் கெடுக்காதே."

"ஒரு வாரம்தான்."

"ஒரு வாரம்னா ஒரு வருஷம். உன்னைத் தெரியாதா எனக்கு? நீ முடிச்ச ஒரே சாமான் இது. கொடுக்க மாட்டேன் போ." சிரித்தாள். கேரட்டைக் கிண்ணத்தில் எடுத்துக் கரண்டியால் மசிக்கத் தொடங்கினாள். "ஏங்க, அவனைக் கொண்டாங்க."

அத்தான் வந்தார். கிண்ணத்தைக் கண்டதும் குண்டு கையைக் காலை உதறிக்கொண்டு வாயைத் திறந்தான். அக்கா கரண்டியை ஊதினாள்.

"கொடுக்காதே" என்றேன்.

"சூடு ஆறிடுச்சுடி."

"அதில்லக்கா. கொடுக்காதே. அந்தக் கூடை மரம்... மருந்து போட்டதா இருக்கலாம். எனக்குத் தெரியல."

கரண்டி அந்தரத்தில் நின்றது. எழுத்து, முத்திரை, இழைப்புளி, இருபத்தாறில் மூன்று என்று எல்லாவற்றையும் முன்பின்னாகக் கொட்டினேன். அக்கா கிண்ணத்தைக் குப்பையில் கவிழ்த்தாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு சனி." விரல் விட்டு எண்ணினாள். "நாலு நாள் ஆச்சு. நான் ஊட்டிக்கிட்டே இருந்திருக்கேன்."

"உறுதியாத் தெரிஞ்சுக்கிட்டு சொல்லலாம்னு..."

"தெரிஞ்சுதா?"

அத்தான் குண்டுவை அவளிடம் கொடுத்துவிட்டுக் குழந்தை மருத்துவருக்குப் போன் செய்தார். முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் பேசினார். திரும்பியபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "பயப்படற மாதிரி இருக்காதுன்னு சொல்றாரு. கூடையை நிறுத்திட்டு, திங்கக்கிழமை ஒரு தடவை தூக்கிட்டு வரச் சொன்னாரு."

"திங்கக்கிழமை வரைக்கும் நான் எப்படி இருக்கறது?" அக்கா அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். "மரம் எப்படியோ இருந்துட்டுப் போகட்டும். அது உனக்குத் தெரியாது, சரி. நாலு நாள் உனக்குத் தெரியும்லடி?"

"மன்னிச்சுடுக்கா."

"நீ பாராட்டு வாங்கறதுக்கு இவன் வாயா கிடைச்சுது?"

"விடும்மா, அவதானே வந்து சொன்னா" என்றார் அத்தான். அக்கா பார்த்த பார்வையில் அவரும் அடங்கினார்.

அக்காவின் தோளில் குண்டு பசியில் சிணுங்கினான். அவள் ஒரு கையாலேயே வாழைப்பழத்தை உரித்து நசுக்கினாள். உதவப் போன என் கையை முழங்கையால் தள்ளினாள். நான் ஒரு பழைய பையில் கூடையைப் போட்டு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செருப்பில் கால் நுழையாமல் தடுமாறிக்கொண்டிருந்தபோது பின்னால் அவள் குரல் கேட்டது.

"நாளைக்கு வருவே இல்ல?"

"வரட்டுமா?"

"வா. வந்து இவனைப் பாத்துக்கோ, நான் கொஞ்சம் தூங்கணும்." பழத்தை ஊட்டியபடி, நிமிராமலேயே சொன்னாள். "கைய வீசிக்கிட்டு வா. எதையும் செஞ்சு எடுத்துட்டு வந்துடாதே."